தாய்மடிப் பண்ணையின் முதல் விதி

கரிசல் மண் இதுவரை மூன்று மாபெரும் புரட்சிகளைக் கண்டிருக்கிறது. முதலாவது பருத்தி. இரண்டாவது தீப்பெட்டி. மூன்றாவது, எங்கள் அய்யாத்துரை முதலாளி ஆட்டுப்பால் குடிக்கத் தொடங்கியது. முதல் இரண்டும் வெறும் பணக்காரர்களைத்தான் உண்டாக்கின. மூன்றாவது ஒரு மகானையே உண்டாக்கியது. அந்த மகானுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றவன் என்ற தகுதியில் இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

என் பெயர் சங்கரபாண்டியன். கோவில்பட்டியில் முதலாளிக்குச் சொந்தமான தீப்பெட்டி ஆபீசில் மேனேஜர். வெளியூர்க்காரர்கள் அதைத் தொழிற்சாலை என்பார்கள். எங்கள் பக்கம் அது ஆபீஸ்தான். மருந்தில் முக்குவதற்காகக் கட்டையில் குச்சி அடுக்குகிறவளும் ஆபீசுக்குத்தான் போகிறாள், பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவளும் ஆபீசுக்குத்தான் போகிறாள். இந்த ஒரு சொல்லால் சுற்றுவட்டாரப் பெண்கள் அத்தனை பேரும் உத்தியோகஸ்தர்கள் ஆகிவிட்டார்கள். சம்பளத்துக்கு மட்டும் இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

புரட்சி 2002-ல் முதலாளியின் வயிற்றில் தொடங்கியது. எதைத் தின்றாலும் எரிந்தது. டாக்டர் பசும்பாலை நிறுத்தச் சொன்னார். மனம் நொந்த முதலாளி குற்றாலத்தில் நடந்த மூன்று நாள் 'இயற்கை வாழ்வு முகாமுக்கு'ப் போனார். போகும்போது காரில் ஏசி போட்டுக்கொண்டு போனவர், வரும்போது அதே காரில், அதே ஏசியில், செருப்பில்லாமல் வந்து இறங்கினார். பார்த்த மாத்திரத்தில் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வே சங்கரபாண்டியன், நாம இத்தன வருசமா இயற்கைக்கு விரோதமா வாழ்ந்துட்டோம்வே" என்றார்.

"ஆமா முதலாளி" என்றேன். எதற்கு ஆமா என்று விசாரித்துவிட்டு ஆமா போடுகிறவன் மேனேஜராக நீடிக்க முடியாது.

"மனுசனுக்கு ஏத்தது ஆட்டுப்பால்தான். அதுவும் சந்தோசமா வளந்த ஆட்டுப் பாலு."

"எட்டயபுரம் சந்தையில சந்தோசமான ஆடு, வருத்தமான ஆடுன்னு பிரிச்சு விக்க மாட்டாவளே முதலாளி?"

"வாங்கிட்டு வந்து நாமதான்வே சந்தோசப்படுத்தணும்."

நாகலாபுரம் போகிற வழியில் முதலாளிக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் கிடந்தது. ஒரு வருடம் கம்பு, ஒரு வருடம் பருத்தி, மழை பெய்யாத வருடம் ஒன்றுமில்லை. அங்கே 'தாய்மடி இயற்கை ஆட்டுப் பண்ணை' உதயமாயிற்று. உள்ளூர்க் கன்னி இன ஆடுகள், கறுப்பு உடம்பில் முகத்துக்கு வெள்ளைக் கோடு போட்டவை, வந்து இறங்கின. அவை தங்குவதற்குப் பனையோலையில் உயரமான குடில் எழுந்தது. நாலாபக்கமும் காற்று. ஆபீசின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சித்திரையில் அடுப்பாகிவிடுகிறது, மாற்றித் தாருங்கள் என்று பெண்கள் கேட்டு வெகு காலமாகிறது. ஆனால் ஆஸ்பெஸ்டாசுக்கு அடியில் ஆட்டின் உள்ளம் சோர்ந்துபோகும் என்றுதான் முகாமில் சொல்லியிருந்தார்கள். பெண்களைப் பற்றி முகாமில் ஒன்றும் சொல்லவில்லையாம்.

பண்ணையில் ஆடு வேலைக்காரர் அல்ல, விருந்தாளி. அது எழுகிற நேரம்தான் விடியல். அது தின்பதைத் தட்டிப் பறிக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே விருந்தாளிகள் முதலாளி ஆசையாக வைத்த துளசித் தோட்டத்தையும், திறப்பு விழா வாழைமரங்களையும், என் குடையின் கைப்பிடியில் சுற்றியிருந்த துணியையும் உண்டு முடித்தன. "பாத்தேரா? எதுலயும் வேத்துமை பாக்கல" என்று முதலாளி கண்கலங்கினார்.

விருந்தாளிகளைக் கவனிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்க்கிற வீட்டைச் சேர்ந்த வெயிலம்மாள் வந்து சேர்ந்தாள். வாய் கொஞ்சம் நீளம். இன்னொருத்தி கல்யாணசுந்தரி. அவளும் ஆட்டுக்கார வீட்டுப் பெண்தான், ஆனால் ஆபீசில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கறக்கிற கை அவளுக்கு நன்றாக வரும் என்று தெரிந்ததும் நான்தான் அவளைப் பண்ணைக்கு மாற்றினேன். அப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம்.

வந்த முதல் நாளே ஒரு விண்ணப்பத்துடன் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைய இங்கன கொண்டாந்துக்கிடட்டுமா? அந்த வேப்பமரத்துல தொட்டில் கட்டிக்கிடுதேன். மாமியாரும் ஆபீசுக்குப் போயிருதா. பக்கத்து வீட்டுல போட்டுட்டு வாரேன். அவிய சீனித் தண்ணி குடுத்துத்தான் அமத்துதாவ."

நியாயமான கோரிக்கை என்பதால் உடனே முடிவெடுக்காமல் முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"கைப்பிள்ள அழுமேவே."

"அழும் முதலாளி."

"அழுதா ஆட்டுக்கு மனசு கலங்குமே. கலங்குன மனசோட பாலக் குடிச்சா எனக்கு வயிறு எரியும்லா?"

இவ்வாறாக அந்தக் கோரிக்கை மிகுந்த கருணையோடு நிராகரிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கல்யாணசுந்தரியே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் பால் கறந்து முடித்ததும் பத்து மணி பஸ்ஸில் ஊருக்கு ஓடி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவாள். அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டால் பிள்ளைக்குச் சாயங்காலம்தான் தாய். பஸ் டிக்கெட்டை அவளே எடுத்துக்கொண்டாள் என்பதால் முதலாளி இதற்குப் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார்.

அந்த வாரம்தான் பண்ணையின் முதல் விதி பிறந்தது. முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுத, பெயின்டர் வந்து வாசலில் பெரிய பலகையில் பச்சை மையில் தீட்டினான்.

'தாயையும் சேயையும் பிரிப்பது மகா பாவம். குட்டி கத்தினால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு உடனடியாகத் தாயை அதனிடம் சேர்க்க வேண்டும். குட்டி குடித்து மிஞ்சியதே மனிதனுக்கு. மீறும் பணியாளருக்கு அரைநாள் சம்பளம் கிடையாது.'

கல்யாணசுந்தரி எட்டாவது வரை படித்தவள். பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்று எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள்.

"யாரு அண்ணாச்சி எழுதுனது?"

"முதலாளி சொன்னாவ. வாசகம் நம்மளது."

"நல்லா எழுதிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பிடிக்கப் போனாள். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்று முழுக்க எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

இந்த இடத்தில் மணிகண்டபிரபுவை அறிமுகம் செய்ய வேண்டும். முதலாளியின் தங்கை மகன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, கம்பெனி மூடிக்கொண்டதால் 'இயற்கைக்குத் திரும்பியவர்'. பண்ணைக்கு ஒரு இணையதளம் தொடங்கினார். நாகலாபுரம் பக்கம் அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அதை அவரே தினமும் பார்த்து வந்தார். செயற்குழுக் கூட்டத்தில் அவர்தான் குண்டைப் போட்டார்.

"மாமா, எல்லாம் சரி. ஆட்டுகிட்டயிருந்து பால் எடுக்கோம். அதோட சம்மதத்த வாங்கினமா?"

கூட்டம் உறைந்தது. கூட்டம் என்றால் முதலாளி, மாப்பிள்ளை, நான்.

"ஐயோ, வாங்கலயேடா" என்றார் முதலாளி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"எழுத்து மூலமா வாங்கிருவோமா முதலாளி?" என்றேன். என் இருபது வருட அனுபவம் அப்படி. "கைநாட்டு மாதிரி குளம்பு நாட்டு."

"தாளக் காட்டினா தின்னுருமேவே."

"தின்னா சம்மதம்னு எடுத்துக்கிடலாமா மாமா?"

"அப்ப தொவச்சுக் காயப்போட்ட என் வேட்டியத் தின்னுச்சே, அது எதுக்குச் சம்மதம்?"

விவாதம் மதியம் வரை நீண்டது. தலையாட்டினால் சம்மதம் என்றால், எந்தப் பக்கம் ஆட்டினால்? வாலை ஆட்டுவது ஈ ஓட்டவா, இசைவு தெரிவிக்கவா? கருப்பட்டிக் காபி கொண்டுவந்த வெயிலம்மாள் டம்ளர்களை வைத்துவிட்டு நின்று கேட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இதுக்குப் போயா இம்புட்டு ரோசன? கோயில்ல கெடா வெட்டுதப்ப என்ன செய்யுதோம்? பிடரியில மஞ்சத்தண்ணியத் தெளிச்சுட்டு நிக்கோம். சிலுப்புச்சுன்னா உத்தரவு கெடச்சாச்சு. சிலுப்பலன்னா நிக்க வேண்டியதுதான்."

"அது வெட்டுததுக்குல்லா?" என்றேன்.

"வெட்டுததுக்கே அது போதும்ங்கப்ப கறக்கதுக்குப் போதாதாக்கும்?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாளிலிருந்து எங்கள் பண்ணையில் நடந்த காட்சியை எழுத்தில் கொண்டுவருவது கடினம். விடிந்ததும் ஒவ்வொரு ஆடாக முன்னால் வரும். வெயிலம்மாள் வேப்பிலையை மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பிடரியில் தெளிப்பாள். நாங்கள் கைகட்டி நிற்போம். ஆடு உடம்பைச் சிலுப்பினால் வெயிலம்மாள் குலவை போடுவாள், கல்யாணசுந்தரி பாத்திரத்தோடு உட்காருவாள். பெரும்பாலான ஆடுகள் நல்ல பழக்கமுள்ளவை, தண்ணீர் பட்டதும் சிலுப்பிவிடும். மகாராணி என்று பெயரிடப்பட்ட ஒரு ஆடு மட்டும் வித்தியாசமானது. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கும். அசை போடும். மறுபடியும் முதலிலிருந்து பார்க்கும்.

"சுயமா சிந்திக்குது பாத்தேரா?" என்று முதலாளி மெய்சிலிர்ப்பார். சிலிர்க்க வேண்டியவர் அவர் அல்ல என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ரோட்டில் பத்து மணி பஸ்ஸின் ஹார்ன் தூரத்தில் கேட்கும். அப்போது கல்யாணசுந்தரி ஆட்டின் காதருகே குனிந்து பேசுவது எனக்குக் கேட்கும்.

"ஏட்டி, ஒரே ஒரு சிலுப்பு சிலுப்பிருட்டி. ஒனக்குப் புண்ணியமாப் போகும். பஸ்ஸு வருதுட்டி. எம்பிள்ள அங்கன கத்திட்டுக் கெடப்பான்ட்டி."

மகாராணி அசை போடும். பஸ் போய்விடும். அதற்குப் பிறகுதான் அது சிலுப்பும். அன்றெல்லாம் கல்யாணசுந்தரி மாராப்பை இறுக்கிச் சொருகிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவுவாள். சம்மதம் பெற்ற பாலில் முதலாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை டம்ளர். ஆனால் அந்த அரை டம்ளரைக் குடித்ததும் அவர் முகத்தில் தெரிகிற சாந்தி இருக்கிறதே, அதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையின் பசியும் மறந்துபோகும்.

அந்த இணையதளத்தை மணிகண்டபிரபுவைத் தவிர இன்னொருவரும் பார்த்திருக்கிறார் என்பது சில மாதங்கள் கழித்துத் தெரியவந்தது. சென்னை 'சகல உயிர் கருணை மன்ற'த்தின் தலைவி லோகநாயகி அம்மையார். அந்த ஆண்டின் 'கருணைச் சுடர்' விருதை எங்கள் பண்ணைக்கே வழங்குவதாகவும், நேரில் வந்து விதிகள் கடைப்பிடிக்கப்படுவதைப் பார்த்துவிட்டுக் கையோடு கொடுப்பதாகவும் போன் செய்தார். முதலாளிக்கு அன்று வயிறு எரியவே இல்லை.

விழா நாள் ஏற்பாடுகள் அனைத்தும் என் தலைமையில். வரவேற்பு பேனரை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. முதல் பேனரில் 'வருக' என்ற பகுதியை விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டன. அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி அன்று ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். பிள்ளையை விட்டு வர வேறு நாதி இல்லை. லீவும் இல்லை. கல்யாணசுந்தரி பிள்ளையை மார்போடு அணைத்து முந்தானையால் மூடி, முதல் பஸ்ஸில் பண்ணைக்கு வந்துவிட்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். நிழல் வேண்டும் குட்டிகள் ஒதுங்குவதற்காக 'சேய்க்குடில்' என்று ஒரு சின்ன ஓலைக்கூடு கட்டியிருந்தோம். வெயிலம்மாள் அதற்குள் சாக்கை விரித்து, மேலே சேலைத்துணி போட்டு, வயிறு நிறைந்து தூங்கிய பிள்ளையைக் குட்டிகளோடு குட்டியாகப் படுக்க வைத்துவிட்டாள்.

அம்மையார் வந்தார். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, கூடவே ஏழெட்டுக் கருணையாளர்கள், இரண்டு பத்திரிகைக்காரர்கள். முதலாளி செருப்பில்லாமல் வரவேற்றார். சம்மதம் கேட்கும் சடங்கு காட்டப்பட்டது. ஆச்சரியமாக மகாராணியே முதல் தெளிப்பில் சிலுப்பியது. பெரிய மனிதர்கள் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. கல்யாணசுந்தரி கறக்க உட்கார்ந்தாள். முதலாளி விருந்தினரை விதிப் பலகைக்கு முன் கொண்டுபோய் நிறுத்தி உரையாற்றத் தொடங்கினார்.

"தாயி... சேயி... இதப் பிரிக்கிறவன் மனுசனே கெடையாதும்மா..."

அந்த நேரம் பார்த்துச் சேய்க்குடிலுக்குள்ளிருந்து அழுகை கிளம்பியது. வீர் என்று, ஊரைக் கூட்டுகிற அழுகை.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வெயிலம்மாளைப் பார்த்தேன். வெயிலம்மாள் வானத்தைப் பார்த்தாள்.

"என்ன சத்தம் அது?" என்றார் அம்மையார்.

"குட்டி கத்துதும்மா" என்றார் முதலாளி.

"அப்படியே மனிதக் குழந்தை அழுகிற மாதிரி இருக்கிறதே!"

முதலாளி ஒரு கணம்தான் தடுமாறினார். "ஆமாம்மா. இயற்கையா வளத்தா கொரலே மாறிரும்."

கருணையாளர்கள் வியந்தார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். அம்மையார் பலகையை மறுபடியும் வாசித்தார். "உடனடியாகத் தாயைச் சேர்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்களே. சேருங்கள், நாங்கள் பார்க்கிறோம்."

"ஏலே, யாருலே அங்க! தாயக் கூட்டிட்டு வாங்க!" என்று முதலாளி முழங்கினார்.

நானும் மாப்பிள்ளையும் மகாராணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினோம். அது குடிலுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தது. தன் பரம்பரையில் இப்படி ஒன்று இல்லை என்று கண்டு திரும்பி வந்துவிட்டது. இன்னொரு ஆட்டைக் கொண்டுபோனோம். அது உள்ளே போய்ச் சேலைத்துணியின் ஓரத்தைத் தின்றுவிட்டு வந்தது. அழுகை ஏறிக்கொண்டே போனது.

"இதோட தாய் எதுதான் ஐயா?" என்றார் அம்மையார். குரலில் கருணை குறைந்திருந்தது.

கல்யாணசுந்தரியின் கை கறப்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. பாத்திரத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். எல்லோரையும் தாண்டிக்கொண்டு நடந்துவந்து பலகைக்கு நேராக நின்றாள்.

"நாந்தான் தாயி" என்றாள்.

அவள் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. குனிந்து குடிலுக்குள் போனாள். பிள்ளையை அள்ளினாள். அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். அழுகை நின்றது. இரண்டு ஆட்டுக்குட்டிகள் அவள் முழங்காலில் தலை வைத்துப் படுத்துக்கொண்டன.

முதலாளியின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். என்ன சொல்லத் திறந்தார் என்பதை வரலாறு அறியாது. ஏனென்றால் அதற்குள் வெயிலம்மாள் அவருக்குப் பின்னால் போய் நின்று, சட்டியில் மிஞ்சியிருந்த மஞ்சள் தண்ணீரில் வேப்பிலையை முக்கி, அவருடைய பிடரியில் பளீர் என்று ஒரே வீச்சாகத் தெளித்துவிட்டாள். மார்கழி மாதம். தண்ணீர் சட்டைக்குள் முதுகெலும்பு வழியாக இறங்கியது. முதலாளி தலையிலிருந்து கால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பினார்.

"முதலாளி உத்தரவு குடுத்துட்டாவோய்!" என்று கத்திவிட்டு வெயிலம்மாள் குலவை போட்டாள்.

மணிகண்டபிரபு பழக்கதோஷத்தில் கைதட்டினார். நான் பழக்கதோஷத்தில் கைகட்டி நின்றேன். அம்மையாரின் கண்களில் நீர். "ஆடென்றும் மனிதரென்றும் பேதமே பார்க்காமல்... ஒரே விதி... முதலாளியே குனிந்து சம்மதம் தருகிற பண்பு..." என்று தழுதழுத்தார். பத்திரிகைக்காரர்கள் குடிலுக்குள் இருந்த தாயையும் சேயையும் குட்டிகளையும் படம் எடுத்தார்கள். முதலாளி திறந்த வாயை மூடினார். பிறகு பிடரியைத் துடைத்துக்கொண்டே மறுபடி திறந்தார்.

"இது நம்ம பண்ணையில ஆரம்பத்துலேருந்து உள்ள வழக்கம்மா" என்றார்.

விருது அவர் கையில் மின்னியது. அன்று சாயங்காலமே கல்யாணசுந்தரியின் பிள்ளைக்கு வேப்பமரத்தில் தொட்டில் கட்டப்பட்டது. பச்சைப் பெயின்ட் அடித்த மரத் தொட்டில். பக்கத்தில் 'சேய்த் தொட்டில்: அன்பளிப்பு அய்யாத்துரை' என்று ஒரு சின்னப் பலகை. பண்ணையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் தொட்டிலைத்தான் பார்த்தார்கள். பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது. கல்யாணசுந்தரி பத்து மணி பஸ்ஸை மறந்தாள். மகாராணி இஷ்டத்துக்கு நின்று அசை போட்டபோதும் அவள் அதைத் திட்டவில்லை, சில நாள் அதற்கு ஒரு பாட்டுக்கூடப் பாடினாள். அவள் அவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்பது ஆபீசில் இருந்த வருடங்களில் எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு கருணைச் சுடர் விருது முயல் வளர்க்கிற யாருக்கோ போயிற்று. பத்திரிகைகளும் முயல் பின்னால் போயின. பண்ணைக்கு ஆள் வருவது குறைந்தது. முதலாளி ஒருநாள் வேப்பமரத்தடியில் நின்று தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வே, படம் புடிக்க யாராச்சும் வாராவளா?"

"கொஞ்ச நாளா இல்ல முதலாளி."

"அப்ப இவ பண்ணையில என்னத்துக்கு? கட்ட அடுக்கதுல இவ கை வேகம்லா? ஆபீசுக்கே மாத்திரும். சும்மா மாத்தாதேயும். பதவி உயர்வுன்னு சொல்லும்."

அவ்வாறே சொன்னேன். தொட்டில் காலியாகத் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது என்பதால் அதில் ஒரு ஆட்டுக்குட்டியைப் படுக்க வைத்தோம். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. பிள்ளை மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. கோவில்பட்டியிலிருந்து அவள் ஊர் தூரம். நடுவில் ஓடிப்போய் வர எந்தப் பஸ்ஸும் கிடையாது.

ஆபீசுக்கு வந்த முதல் நாள், வேலை தொடங்கும் முன் கல்யாணசுந்தரி என் மேசைக்கு முன் வந்து நின்றாள். பின்னால் மற்ற பெண்களும் கட்டைகளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"பண்ணையில ஆட்டுக்கு விதி எழுதிப் போட்டீங்கள்லா. குட்டி கத்தினா தாய விட்டுரணும்னு. அதே முதலாளி. எழுதுனதும் நீங்கதான். இங்கன எங்களுக்கு ஏன் எழுதல?"

நல்லவேளை, இதே கேள்வியை ஒருமுறை நான் முதலாளியிடம் கேட்டு விடை வாங்கி வைத்திருந்தேன். விதி பிறந்த அன்று அவர் காரில் ஏறும்போது தனியாக என்னிடம் சொன்னது அது. முகாமில் கருணையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாலாம். இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார்களாம்.

"விசயம் இதுதான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஆடு சரியான பிடிவாதக்காரி. குட்டியப் பிரிச்சோம்னு வையி, பால அடக்கிக்கிடும். மடி நெறையக் கெடந்தாலும் ஒரு சொட்டு விடாது. நீ என்ன செஞ்சாலும் அதுட்ட பருப்பு வேகாது. அதனால முதலாளிக்கு வேற வழியில்ல, விதி எழுத வேண்டியதாப் போச்சு. நீங்க அப்படியா? பிள்ள வீட்டுல கெடந்து அழுதாலும் ஒங்க கை என்னைக்காவது நின்னுருக்கா? தங்கமான பிள்ளைய நீங்க. ஒங்களுக்கு எதுக்கு விதி?"

இவ்வளவு பெரிய பாராட்டை அந்தப் பெண்கள் அதுவரை யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாணசுந்தரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை, அது அவன் குடிக்கிற நேரம். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து, ஈரம் சேலை வரை பரவிக்கொண்டிருந்தது. அடக்கிக்கொள்ள அவள் உடம்புக்குத் தெரியவில்லை. மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் அடுக்கிய கட்டைகளை நானே சரிபார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை என்பதை மிகுந்த பெருமையுடன் இங்கே பதிவு செய்கிறேன்.